சமைத்தவரும் உட்காரும் பந்தி

தோசை சுடுகிறவர் சூடான தோசை சாப்பிடுவதில்லை. எனக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் இதுதான் நடைமுறை. முதல் தோசை பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, அடுத்தது வீட்டுக்காரருக்கு, அதற்கடுத்தது மாமனாருக்கு. அதற்குள் பிள்ளை மறுபடியும் தட்டை நீட்டும். எல்லோரும் கை கழுவிய பிறகு, மாவுப் பாத்திரத்தை வழித்து ஊற்றிய கடைசித் தோசையை, பாதி நின்றும் பாதி நடந்தும், மிச்சமிருக்கும் சட்னியோடு விழுங்கிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போவாள். இதைப் பாசம் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது போதும். நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

நம் சமையலில் பெரும்பகுதி அடுப்புக்கும் இலைக்கும் இடையிலான சில நொடிகளை நம்பியிருக்கிறது. பூரி அமுங்குவதற்குள் தட்டுக்கு வர வேண்டும். அப்பளம் நமத்துப் போகக் கூடாது. ஆப்பத்தின் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும்போதே தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும். ருசியில் இதற்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ருசிக்காக ஒருவர் எப்போதும் அடுப்பருகே நின்றாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் எந்த வீட்டிலும் குழப்பம் வந்ததில்லை.

என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அரிது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெரிய குடும்பம். ஆண்கள் பந்தி, பிள்ளைகள் பந்தி, பிறகு பெண்கள் பந்தி. பெண்களிலும் கடைசி ஆள் அம்மா. அவர் காலமான பிறகு வந்த முதல் திதிக்கு, அவருக்குப் பிடித்த பதார்த்தங்களைப் படைக்க வேண்டும் என்றார்கள். அக்கா தங்கைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாவுக்கு உளுந்தங்களி, பெரியண்ணனுக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, எனக்கு அவியல் என்று ஒவ்வொருவருக்கும் பிடித்தது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பிடித்தது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அப்பாவுக்குப் பிடித்ததையே செய்து படைத்தோம்.

ஆகையால் நான் இப்போது சொல்லப்போகும் பண்டத்தை வெறும் பலகாரக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகள் வீடு அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரை ஒட்டி இருக்கிறது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிர் என்றால் அங்கே யாரும் அதைச் செய்தியாகவே பேசுவதில்லை. அந்த ஊர்க்காரர்களின் குளிர்கால இரவுச் சாப்பாட்டில் அடிக்கடி வருவது ஒரு பண்டம். அடியில் கொத்துக்கறி, நடுவே காய்கறி, இரண்டையும் பிடித்துவைக்கக் கெட்டியாக ஒரு வெள்ளை சாஸ், மேலே உருளைக்கிழங்கு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி ஆவனில் வைத்துச் சுட்டெடுத்துவிடுவார்கள். வேறு பல மாநிலங்களில் காஸரோல் என்று சொல்வதை இவர்கள் ஹாட்டிஷ் என்பார்கள். புதிதாகக் குழந்தை பிறந்த வீடு, சாவு விழுந்த வீடு, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் திரும்பிய வீடு என்றால் அக்கம்பக்கத்தார் இதைச் செய்து மூடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவுக்காரர்கள் சோறு கொண்டுவருகிற ஊரிலிருந்து போனவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

1930ல் மாங்கேட்டோ என்ற ஊரின் கிரேஸ் லூத்தரன் சர்ச் பெண்கள் சங்கம் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இருப்பதுதான், ஹாட்டிஷ் என்ற பெயரோடு அச்சில் வந்த முதல் குறிப்பு என்பார்கள். அதில் மாட்டுக் கொத்துக்கறி, மக்ரோனி, டின் பட்டாணி எல்லாம் உண்டு. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த காலம். கொஞ்சம் கறியை மக்ரோனியோடும் கிழங்கோடும் சேர்த்து நீட்டி, பெரிய குடும்பத்தின் வயிற்றை நிரப்பிய சிக்கனம் அது. அந்தக் காலத்துச் சர்ச் சமையல் புத்தகங்களில் குறிப்புக் கொடுத்த பெண்களின் பெயர், பெரும்பாலும் கணவர் பெயருக்கு முன்னால் மிஸஸ் போட்டுத்தான் அச்சாகியிருக்கும். சமைத்தவளின் சொந்தப் பெயர் அதில் தெரியாது. நம் எவர்சில்வர் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்களும் அந்த வகைதான். சீராக வந்த குடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும், பிறகு வாங்கிய அண்டாவில் கணவரின் பெயர் இருக்கும்.

இந்தப் பண்டத்தைப் பரவலாக்கியது தகர டின்தான். காம்ப்பெல் கம்பெனியில் வேதியியலாளராக இருந்த ஜான் டாரன்ஸ் 1897ல் சூப்பிலிருந்து பெருமளவு தண்ணீரை நீக்கிச் சின்ன டின்னில் அடைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். தண்ணீர் குறைந்ததும் எடை குறைந்தது, சரக்குக் கூலி குறைந்தது, விலையும் குறைந்தது. 1934ல் காளான் சூப் வந்தது. குடிப்பதற்காக விற்றதை வீட்டுப் பெண்கள் தண்ணீர் கலக்காமல் அப்படியே கறிமீது கவிழ்த்து சாஸாக்கிக்கொண்டார்கள். நார்வே, ஸ்வீடன், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய லூத்தரன் கிறித்தவர்கள் மினசோட்டாவில் அதிகம். அவர்கள் சமையல் எதுவானாலும் இந்த டின்தான் ஒட்டவைக்கிறது என்பதால் ‘லூத்தரன் பசை’ என்று அதைக் கேலி செய்வார்கள். அவர்களே செய்யும் கேலி என்பதால் நானும் சொல்கிறேன்.

அதே கம்பெனியின் நியூஜெர்சி சோதனைச் சமையலறையில் வேலை பார்த்த டார்கஸ் ரெய்லி என்ற அம்மாள், 1955ல் தன் குழுவினரோடு பீன்ஸ் காஸரோலை உருவாக்கினார். பீன்ஸ், காளான் சூப், பால், சோயா சாஸ், மிளகு, பொரித்த வெங்காயம் என்று ஆறே பொருள்தான். எந்த வீட்டு அலமாரியிலும் இருப்பவை மட்டும்தான் சேர வேண்டும் என்பது அவர்களுக்கு இருந்த நிபந்தனை. அவருடைய மூலக்குறிப்பு அட்டை 2002ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எடிசனைக் கொண்டாடுகிற இடத்தில் பீன்ஸுக்கும் ஒரு மூலை கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அவர் 2018ல், 92 வயதில் காலமானார்.

மேலே அடுக்குகிற கிழங்குக்கும் ஒரு கதை உண்டு. ஆரிகன் மாநிலத்தில், ஐடஹோ எல்லையை ஒட்டி, கிரிக் என்ற சகோதரர்கள் உருளைக்கிழங்கை விரல் விரலாக நறுக்கி உறையவைத்து விற்றார்கள். வெட்டியது போக மிஞ்சும் துண்டு துணுக்கு மாட்டுத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்தது. 1953ல் அந்தத் துணுக்குகளைப் பொடியாக்கி, மாவும் உப்பும் சேர்த்து, ஓட்டை போட்ட பலகை வழியாகத் தள்ளி, கட்டைவிரல் மொத்தத்தில் வெட்டிப் பொரித்தார்கள். டேட்டர் டாட்ஸ் பிறந்தது அப்படித்தான். முதலில் மிக மலிவாக விற்றபோது யாரும் சீண்டவில்லையாம். விலையை ஏற்றிய பிறகுதான் வாங்கினார்களாம். மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

ஆனால் இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பாத்திரத்தின் கதை. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் என்ற ஊரில், ரயில் விளக்குகளுக்கும் பேட்டரி ஜாடிகளுக்கும் சூடு தாங்கும் கண்ணாடி செய்துவந்த ஆலை ஒன்று இருந்தது. அங்கே ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளர் வேலை பார்த்தார். அவர் மனைவி பெஸ்ஸி ஆவனில் வைத்த பீங்கான் பாத்திரம் வாங்கிய சில நாளிலேயே உடைந்துபோனது. ஆலையில் இவ்வளவு கண்ணாடி செய்கிறீர்களே, அடுப்புக்குத் தாங்குவதாக ஒன்று கொண்டுவரக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார் கணவர். 1913ல் பெஸ்ஸி அதில் கேக் சுட்டுக் காட்டினார். கேக் ஒரே சீராக வெந்திருந்தது, பாத்திரமும் சுத்தமாகக் கழுவ வந்தது. 1915ல் பைரெக்ஸ் என்ற பெயரில் அந்தக் கண்ணாடி கடைக்கு வந்தது.

இதில் எனக்கு என்ன அக்கறை என்றால், சுட்ட பாத்திரமே மேசைக்கும் வருகிறது. வேறு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டாம், கரண்டியோடு ஓட வேண்டாம். பாத்திரம் மேசைக்கு வந்துவிட்டால் சமைத்தவருக்கு அடுப்படியில் வேலை இல்லை.

அமெரிக்காவில் நம்மவர் வீட்டு ஆவனைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே வாணலி, தோசைக்கல், இட்லித் தட்டு, இடியாப்ப உழக்கு, எண்ணெய் வடிக்கிற கண் தட்டு எல்லாம் குடியிருக்கும். மேலே உள்ள நான்கு அடுப்பும் ஓயாமல் எரியும், கீழே இருப்பது பாத்திர அலமாரி. மகள் வீட்டிலும் அப்படித்தான். அவள் காலையில் வேலைக்குப் போய் மாலை ஆறுக்கு வந்து, கோட்டைக் கழற்றுமுன் அடுப்பைப் பற்றவைப்பாள். சப்பாத்தி போடுவாள். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். அவள் கடைசிச் சப்பாத்தியோடு வரும்போது மேசையில் ஆள் இருக்காது. மூன்று தலைமுறை, பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம், அதன் பிறகும் அதே கடைசி ஆள். ஆவனைக் காலி செய்யச் சொன்னது நான்தான்.

இப்போது செய்முறை. ஆறு பேருக்கு, பதின்மூன்று அங்குல நீளமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள கண்ணாடித் தட்டு போதும். வாணலியில் எண்ணெய் விட்டு, அரை டீஸ்பூன் சோம்பு, பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள் தூள், ஒரு டீஸ்பூன் மிளகாய்த் தூள், ஒரு டீஸ்பூன் மிளகுத் தூள் போட்டு வதக்கி, 700 கிராம் கோழிக் கொத்துக்கறியைக் கொட்டிக் கிளற வேண்டும். கறி விடுகிற தண்ணீர் முழுவதும் சுண்டியாக வேண்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு தட்டின் அடியில் குளம் கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்துக்கொள்ளலாம். வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

சாஸுக்கு நான் டின் சூப் வாங்குவதில்லை. அதில் உப்பு அதிகம், எங்கள் வயதில் உள்ளவர்களுக்கு ஆகாது. 50 கிராம் வெண்ணெயை உருக்கி, 250 கிராம் காளானைப் பொடியாக நறுக்கி அதில் வதக்கி, ஈரம் போனதும் நான்கு டேபிள்ஸ்பூன் மைதா தூவிப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். பிறகு அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருங்கள். மாவு நேராகப் பாலில் விழுந்தால் கட்டி தட்டும். வெண்ணெய் முதலில் ஒவ்வொரு துகளையும் பூசிப் பிரித்துவிடுவதால்தான் இங்கே கட்டி தட்டுவதில்லை. கொதி வந்து கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதத்தில் உப்பும் மிளகும் போட்டு இறக்கலாம்.

தட்டில் முதலில் கறி. அதன்மேல் பீன்ஸ், கேரட், சோளம், பட்டாணி எல்லாம் சேர்ந்து மூன்று கப். உறைந்த காயானால் உருகவிட்டுத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதன்மேல் சாஸைப் பரப்பினால், மேலே கிழங்கு அடுக்குவது பிள்ளைகள் வேலை. என் பேத்தி டேட்டர் டாட்ஸை அணிவகுப்புக்கு நிறுத்துகிற மாதிரி வரிசை வரிசையாக நிறுத்துவாள். ஒன்று கோணினால் எடுத்துத் திருப்பி வைப்பாள். நம் ஊரில் அது கிடைக்காத இடங்களில், உருளைக்கிழங்கை முக்கால் வேக்காட்டில் வேகவைத்து, ஆறிய பிறகு துருவி, வெண்ணெயும் உப்பும் பிசறிப் பரப்பலாம். ஆனால் மே மாதத்துத் திருநெல்வேலியில் முக்கால் மணி நேரம் ஓ.டி.ஜி. ஆவனை ஓடவிடுகிறவரை நான் ஆதரிக்க மாட்டேன். மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவனை முன்கூட்டியே 200 டிகிரி செல்சியஸில் சூடேற்றி, தட்டை மூடாமல் உள்ளே வைத்தால் 45 நிமிடம். தட்டுக்குள் ஈரம் இருக்கும்வரை உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே அங்கே எதுவும் தீயாது. மேலே உள்ள கிழங்கில் ஈரம் காய்ந்து சூடு 140 டிகிரிக்கு மேல் ஏறும்போதுதான் பொன்னிறமும் வாசனையும் வரும். ஓரங்களில் சாஸ் கொப்புளித்து, மேலே நிறம் ஏறியதும் எடுத்துவிடலாம். எடுத்ததை மரப்பலகையிலோ மடித்த துணியிலோ வையுங்கள், ஈரமான கல் மேடை வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தட்டை அப்படியே சூடான ஆவனுக்குள் தள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் இப்போது விற்கும் பைரெக்ஸ், பழைய போரோசிலிகேட் கண்ணாடி அல்ல. சோடா கண்ணாடியைப் பதப்படுத்திச் செய்வது, திடீர்ச் சூட்டுமாற்றத்தை அவ்வளவு தாங்காது. எடுத்த பிறகு பத்து நிமிடமாவது ஆறவிட வேண்டும். சூடு தணியத் தணியத்தான் சாஸ் இறுகும். உடனே வெட்டினால் குழம்பாக ஓடும்.

ஆக, ஆவன் கதவைச் சாத்தியதிலிருந்து வெட்டிப் பரிமாறும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் யாரும் அடுப்படியில் நிற்கத் தேவையில்லை. இந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

இதற்காக அமெரிக்கா வரை போக வேண்டுமா, நம்மிடம் கூட்டாஞ்சோறு இல்லையா என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். ஆம்பூர்ப் பக்கம் பிரியாணி தேக்சாவின் மூடிமேல் கங்கு போட்டுத் தம் வைக்கிறார்கள். மேலும் கீழும் சூடு கொடுத்து மூடிவைத்து ஒதுங்கிக்கொள்வது அவர்களுக்கும் தெரிந்த வித்தைதான். அப்படியானால் கூட்டாஞ்சோறு ஆக்கிய நாளில் என் அம்மா எங்களோடு உட்கார்ந்தாரா? இல்லை. குழம்பு, பொரியல் வேலை மிச்சமானதால் வடகம் பொரிக்க, வத்தல் பொரிக்க, அப்பளம் சுட அவருக்கு நேரம் கிடைத்தது. மிச்சமான நேரத்தை இன்னொரு வேலை வந்து நிரப்பிவிட்டது.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983ல் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்கு வந்த சாதனங்கள் அம்மாக்களின் வேலையைக் குறைக்கவில்லை என்பது அவருடைய வாதம். விறகு பிளப்பது, தானியம் அரைத்து வருவது, தண்ணீர் சுமப்பது போன்ற, ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைச் சாதனங்களும் ஆலைகளும் எடுத்துக்கொண்டன. பெண்ணின் பங்கு அப்படியே நின்றது. கூடவே எதிர்பார்ப்பும் ஏறியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அமெரிக்கா தேவைப்படவில்லை. ஆட்டுக்கல் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் இட்லி தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். மாவாட்ட அத்தை, சித்தி, வேலைக்கு வரும் பெண் என்று ஆள் மாற்றி ஆள் உட்கார்வார்கள். கிரைண்டர் வந்த பிறகு இட்லி தினசரிப் பலகாரமாகிவிட்டது. ஊறப்போடுவதும் அரைப்பதும் கல்லைக் கழுவுவதும் ஒரே ஆள்மேல் விழுந்தன. சாதனத்தை வாங்கிக்கொடுத்த பிறகும் என்ன களைப்பு என்று கேட்டவர்களும் உண்டு.

ஆகவே கண்ணாடித் தட்டு தானாக யாரையும் உட்காரவைக்காது. மகளுக்கும் முதலில் உட்கார வரவில்லை. ஆவன் கதவைச் சாத்திய கையோடு, “ஒரு ரசம் வச்சிரட்டுமாம்மா?” என்பாள். வேண்டாம் என்பேன். “சும்மா ரெண்டு அப்பளம்?” அதுவும் வேண்டாம். “அவருக்குத் தயிர்சாதம் இல்லன்னா சாப்பிட்ட மாதிரியே இருக்காது.” சோறு காலையில் வடித்தது இருக்கிறது, தயிர் பெட்டியில் இருக்கிறது, அவருக்குக் கையும் இருக்கிறது என்றேன். மாப்பிள்ளை காதில் விழட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், எழுந்து போய் எடுத்துக்கொண்டார். கேட்டுப் பழகாததால் செய்யாமல் இருந்தவர், அவ்வளவுதான். நம் வீட்டு ஆண்களில் பாதிப் பேர் இந்த ரகம். மீதிப் பாதியைப் பற்றி இன்னொரு கட்டுரையில் எழுதுகிறேன்.

மருமகளாக இருந்த காலத்தில் இப்படி ஒரு வார்த்தை நான் பேசியிருக்க முடியாது. மாமியார் ஆன பிறகு, அதுவும் பெண்ணைக் கொடுத்த மாமியார் ஆன பிறகு, அளந்துதான் பேச வேண்டியிருந்தது. எழுபது தாண்டியதும் அந்த அளவுகோல் கையை விட்டுப் போய்விட்டது. முதுமையில் கிடைக்கிற சலுகைகள் குறைவு, கிடைத்ததைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டில் மூத்தவர் இருக்கிறார் என்றால் அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியது இதைத்தான்: நீயும் உட்கார். சின்னவர்கள் தாமாக உட்கார்ந்தால் திமிர் என்று பெயர் வரும். பெரியவர் சொல்லி உட்கார்ந்தால் வராது. என் மாமியார் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், நான் உட்கார்ந்திருப்பேன். அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விதியும் வைத்தேன். தட்டு மேசைக்கு வந்த பிறகு தண்ணீர், ஊறுகாய், கரண்டி, எது வேண்டுமானாலும் வேண்டுகிறவர் எழுந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இது எளிதாகத் தோன்றலாம். பேரன் நாற்காலியை விட்டு எழாமலே “அம்மா, கெச்சப்” என்பான். அவள் உடம்பு தானாக எழும்பும். நான் அவள் கையைப் பிடித்து அழுத்துவேன். பழக்கம் நரம்பில் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளைக்குப் பரிமாறுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பறிக்கலாமா என்று என் தங்கை போனில் கேட்டாள். பரிமாறுகிற சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு ஈடாகச் சேர்ந்து சாப்பிடுகிற சந்தோஷத்தை ஆயுள் முழுக்க விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யார் கணக்குப் போட்டது என்றுதான் கேட்கிறேன்.

உட்கார்ந்த பிறகு எல்லாம் இனித்தது என்று எழுதினால் அது பொய். அம்மா அடுப்படியில் இருந்தவரை பிள்ளைகளின் சாப்பாட்டு நேரம் போனும் பேச்சுமாக நிம்மதியாகக் கழிந்தது. அவள் எதிரே வந்து உட்கார்ந்ததும் கணக்குப் பரீட்சை என்ன ஆச்சு, ஏன் ஜாக்கெட்டைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தாய் என்று கேள்விகள் வந்தன. மாப்பிள்ளைக்கும் தப்பவில்லை, வீட்டுக்கடன் பேச்சு மேசைக்கு வந்தது. ஒரு நாள் பேத்தி, “ஆச்சி, அம்மா பழையபடி சப்பாத்தியே போடட்டுமே” என்று என் காதில் சொன்னாள். இருக்கட்டும். குடும்பம் என்றால் வழக்கு வம்பு பேசுகிற இடமும் ஒன்று வேண்டும். முன்பெல்லாம் அவள் இதையே பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஓரத்துத் துண்டுதான் பிடிக்கும் என்பதும் இந்த மேசையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணாடியோடு ஒட்டிக் கருகருவென்று முறுகியிருக்கும் அந்த மூலை. இப்போது வெட்டும்போதே பேத்தி அதை அம்மாவுக்கு ஒதுக்கிவிடுகிறாள். பேரனுக்கும் அதுவே வேண்டுமாம், தினமும் தகராறு. தட்டுக்கு மூலை நான்குதானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

மிச்சம் விழுந்தால் சதுரமாக வெட்டி டப்பாவில் போட்டு வைக்கலாம், மறுநாள் மதியத்துக்கு ருசி கூடித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதானால் சுடாமல் அடுக்கி, மேலே தாள் சுற்றி, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள். தட்டின் அடியில் உங்கள் பெயரையும் ஒட்டுங்கள். மகள் வீட்டுத் தட்டில் மகள் பெயர்தான் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளை தானே செய்வதாகச் சொல்லியிருக்கிறார். மிளகாய்த் தூள் மூன்று டீஸ்பூன் போடப் போகிறாராம். பிள்ளைகளுக்குக் காரம் தாங்காது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். “அத்தை, நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்” என்கிறார்.